வாசலோடு நின்ற வாசகி

நான் வேலை பார்க்கும் கிளை நூலகத்துக்கு வாசலில் மூன்று படிகள். டெல்டாப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதால் கட்டடத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். புத்தகம் நனையாமல் இருக்க அதுதான் வழி. மாற்றலாகி வந்த புதிதில் அந்தப் படிகளை நான் கவனித்ததே இல்லை. சாயங்காலம் நாளிதழ் பார்க்க வரும் பெரியவர்கள், கரண்ட் போனால் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை, ஒரு பையன் வருவான். பிளஸ் ஒன் படிப்பவன். கையில் அவன் அக்காவின் உறுப்பினர் அட்டை இருக்கும். பழைய புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு நேராக நாவல் அடுக்குக்குப் போவான். கைக்கு வந்ததில் மூன்றை உருவிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவான். "அக்கா ஒரு தடவைகூட வரலையேப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எப்பவும் வரும் மேடம். வெளியில இருக்கு."

எட்டிப் பார்த்தேன். காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெண். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். மடியில் துணிப்பை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். உள்ளே வந்து அவள் பதிவைப் புரட்டிப் பார்த்தேன். உறுப்பினராகி நாலு வருஷம் ஆகியிருந்தது. இருநூற்றுச் சொச்சம் புத்தகங்கள் அவள் பேரில் இரவல் போய்த் திரும்பியிருந்தன. எங்கள் நூலகத்தில் அந்த அளவுக்குப் புத்தகம் எடுத்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட வாசகி நாலு வருஷமாக நூலகத்தின் உட்புறத்தைப் பார்த்ததே இல்லை.

வருகைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பெயர், ஊர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் அதைக் கூட்டித்தான் மேலே அறிக்கை அனுப்புவோம். அந்தப் பதிவேட்டில் அவள் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. இருக்காதுதானே. அவள் தம்பியின் கையெழுத்துதான் இருந்தது.

இதை ஒரு கூட்டத்தில் சக நூலகர் ஒருவரிடம் சொன்னபோது, "எங்க லைப்ரரிக்கு அந்த மாதிரி யாரும் வர்றதில்லைங்க, அதனால பிரச்சனை இல்லை" என்றார். நல்ல மனிதர், வேலையில் அக்கறை உள்ளவர். நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதால் அவரிடம் வாதாடவில்லை. ஆனால் அந்த வாக்கியம் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். மொத்த மக்கள்தொகை ஏறக்குறைய 7 கோடியே 21 லட்சம். அந்த விகிதத்தை எங்கள் ஊருக்குப் பொருத்தினால், முப்பதாயிரம் பேர் உள்ள ஊரில் 490 பேராவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் எட்டு வகைக் குறைபாடுகளைத்தான் கேட்டார்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இன்னும் கூடும். எங்கள் பதிவேட்டில் மூன்று வருஷத்தைப் புரட்டினேன். முகம் நினைவிருந்தவரை நாலு பேர்.

மிச்சப் பேர் எங்கே போனார்கள்? ஊரில்தான் இருக்கிறார்கள். வர முடியாததால் வரவில்லை. வராததால் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாததால் "யாரும் வர்றதில்லை" என்று நாம் எழுதி அனுப்புகிறோம். யாரும் வராத இடத்துக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் எதற்கு என்று மேலே கேட்கிறார்கள். இந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

சரி, சாய்தளம் கட்டுவோம் என்று முடிவு செய்தோம். அனுமதி வாங்கியாயிற்று. வாசகர் வட்டத்தில் ஒருவர் சிமென்ட் தந்தார், ஒருவர் ஜல்லி, மணல். கொத்தனார் வந்தார், பார்த்தார், "அரை நாள் வேலை" என்றார். சொன்ன மாதிரியே அரை நாளில் முடித்துக் கொடுத்தார். ஆறடி நீளத்தில் சறுக்கு. நம் ஊரில் வீட்டு வாசலில் பைக் ஏற்றுவதற்குப் போடுவோமே, அதே கணக்கு. அவருக்குத் தெரிந்தது அதுதான், எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை அவளை உள்ளே அழைத்து வர நானே வெளியே போனேன். தம்பி தள்ளினான். பாதி தூரம் ஏறியதும் நாற்காலியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. அவள் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். பையன் முழு பலத்தையும் கொடுத்து நின்றான், மேலேயும் போக முடியவில்லை, விட்டால் பின்னால் சாய்ந்துவிடும். "இறக்குடா, மெதுவா இறக்கு" என்றாள். குரல் நடுங்கவில்லை, ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உள்ளேயிருந்து நாலு பேர் ஓடி வந்து, "விடும்மா, அப்படியே நாற்காலியோட தூக்கி உள்ள வச்சிடுறோம்" என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள். "மூட்டை மாதிரி ஏற வேணாம் அக்கா. நான் இன்னொரு நாள் வர்றேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியது. ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. ஆறு அங்குலத்தில் மூன்று படி என்றால் பதினெட்டு அங்குலம், அதாவது ஒன்றரை அடி. அதற்குப் பதினெட்டு அடி சாய்தளம். நாங்கள் போட்டது ஆறு அடி. தேவையில் மூன்றில் ஒரு பங்கு.

வாசலிலிருந்து காம்பவுண்டு சுவருக்குப் பன்னிரண்டு அடிதான் இருந்தது. நேராகக் கொண்டுபோக இடமில்லை. ஊரில் வீட்டு பிளான் போட்டுத் தரும் ஒரு பொறியாளர் வந்து, 'ட' மாதிரி திருப்பிப் போடலாம் என்றார். ஐந்தடி போனதும் ஒரு சமதளம், நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி. அப்புறம் சுவரை ஒட்டிப் பதின்மூன்று அடி. அகலம் நாலடி. ஓரத்தில் சக்கரம் இறங்கிவிடாமல் சிறு விளிம்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடியை வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். பழைய சறுக்கை உடைத்து அள்ளவே ஒரு நாள் ஆனது.

உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "ஒரு புள்ளைக்காகவாம்மா இவ்வளவு செலவு?" அவருக்கு மூட்டுவலி. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருவார். இப்போது அவர் சாய்தளத்தில்தான் ஏறுகிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் வருகிறார். புத்தகக் கட்டு வந்து இறங்கினால் எங்கள் உதவியாளர் தலையில் சுமப்பதில்லை, டிராலியில் வைத்துத் தள்ளி வந்துவிடுகிறார்.

அவள் உள்ளே வந்தாள். நான் எதிர்பார்க்காத இடத்தில் நின்றாள். நாவல் பிரிவுக்கும் வரலாற்றுப் பிரிவுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. எங்கள் இடத்துக்கு மீறிப் புத்தகம் சேர்ந்துபோனதால், ரேக்குகளை நெருக்கி நெருக்கி வைத்திருந்தோம். ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நடந்தால் போகலாம், சக்கர நாற்காலி நுழையாது. வாசல் வரைக்கும் யோசித்த நான், வாசலுக்கு உள்ளே யோசிக்கவில்லை.

"நீ என்ன வேணும்னு சொல்லும்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்றேன்.

"என்ன வேணும்னு பார்த்தாத்தானே அக்கா தெரியும்" என்றாள்.

நூலகத் துறையில் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித்தந்த எல்லாமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று போகும் விதிகள். மூன்றாம் விதிக்கு அவர் சொன்ன முதன்மையான வழி திறந்த அடுக்கு முறை. புத்தகத்தைப் பூட்டி வைத்து, சீட்டில் எழுதிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பது அந்தக் காலத்துப் பழக்கம். அதை விட்டுவிட்டு வாசகரை அடுக்குகளுக்குள் உலவ விட வேண்டும், அப்போதுதான் தான் தேடாத புத்தகத்தை அவர் கண்டெடுப்பார் என்றார். இன்றைக்குப் பெரும்பாலான பொது நூலகங்கள் திறந்த அடுக்குதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எங்கள் நூலகம் பழைய பூட்டிய அலமாரியாகவே இருந்திருக்கிறது. சீட்டுக்குப் பதில் தம்பி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு வாரம் பிடித்தது. கழிவுக்குப் போக வேண்டிய நைந்த புத்தகங்களை முறைப்படி பிரித்தோம். இரண்டு ரேக்குகளை நாளிதழ்ப் பகுதிக்கு மாற்றினோம். இடைவெளி நாலடி ஆனது. உட்கார்ந்த வாக்கில் ஒருவர் கையை நீட்டினால் எட்டுவது ஏறக்குறைய நாலடி உயரம் என்பதால், அதிகம் கேட்கப்படும் புத்தகங்களை நடுத் தட்டுகளுக்குக் கொண்டு வந்தோம். மேல் தட்டில் இருப்பவற்றுக்கு இன்றும் யாராவது எடுத்துத்தான் தர வேண்டியிருக்கிறது. ஆனால் முதுகில் இருக்கும் பெயரைக் கீழிருந்து அவளே படித்துக்கொள்கிறாள்.

முதல் நாள் அவள் நாவல் பக்கம் போகவே இல்லை. வேளாண்மைப் பிரிவின் கீழ்த்தட்டில், நாம் குனிந்து பார்க்க அலுப்புப்படுகிற இடத்தில், அவள் கண்ணுக்கு நேராக ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. தேனீ வளர்ப்பு பற்றியது. அட்டையில் தூசி. துடைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பின்பக்கம் ஒட்டியிருந்த தேதித் தாளைப் பார்த்தேன். கடைசி முத்திரை ஒன்பது வருஷத்துக்கு முந்தையது.

"நாவல் வேணாமாம்மா?"

"எனக்கு நாவல் அவ்வளவு பிடிக்காது அக்கா. பொண்ணுங்க நாவல்தான் படிப்பாங்கன்னு தம்பியே முடிவு பண்ணி எடுத்துட்டு வருவான். வீட்டுல இருக்கிறதுக்கு ஏதாவது படிக்கணுமேன்னு படிப்பேன்."

இருநூறு புத்தகம். நாலு வருஷம். அவற்றில் எத்தனை அவள் தேர்ந்தெடுத்தவை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தம்பியின் மேல் குறையே சொல்ல முடியாது. வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தவன் அவன். நாங்கள் செய்ய வேண்டியதைப் பதினாறு வயதுப் பையன் தலையில் கட்டியிருந்தோம்.

சாய்தளம் கட்டிய செய்தி ஊரில் பரவியதில், நாங்கள் நினைக்காத ஒருவர் வந்தார். பார்வையற்ற இளைஞர், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர். அவருக்குப் படியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, வெண்கோலைத் தட்டிக்கொண்டு மூன்று படியையும் விறுவிறுவென ஏறி வந்தார். "இங்க மாற்றுத்திறனாளிகளுக்கு ஏதோ பண்றாங்கன்னு சொன்னாங்க மேடம். எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தன் செல்போனை எடுத்து மேசையில் வைத்தார்.

அவர் போனைப் பயன்படுத்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்தது எனக்கு ஒரு படிப்பு. திரை அணைந்தே இருந்தது. விரல் தொட்ட இடத்தை டாக்பேக் என்ற திரைவாசிப்பான் செயலி படித்துச் சொல்லும். அதுவும் என்ன வேகம்! எனக்குக் கொரகொரவென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது, அவர் அதில் வாக்கியம் வாக்கியமாகப் புரிந்துகொண்டு போனார். அப்புறம் ஒரு பிடிஎஃபைத் திறந்தார். ஏதோ பயிற்சி மையத்துக் குறிப்பு, காசு கொடுத்து வாங்கியது. திரையைப் போடச் சொல்லிப் பார்த்தேன், அழகான தமிழில் பக்கம் பக்கமாக இருந்தது. போன் படித்தது: "ஜே கே பி ஓ செமிகோலன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. கண் ஏமாறும், காது ஏமாறாது. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறிகள் உள்ள யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் போன் 'தமிழ்' என்றே படித்திருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் அச்சகங்களிலும் டைப்பிங் சென்டர்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடிப்பவருக்குக் கை பழகியதை மாற்றச் சிரமம். அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நானும் எங்கள் நூலகத்தின் அறிவிப்புகளை அதுவரை அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குறிப்பை யூனிகோடுக்கு மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மத்தியானத்தில் நூற்று நாற்பது பக்கத்தையும் மாற்றினோம். ஸ்கேன் செய்த புத்தகங்கள்தான் பெரிய வேலை. அவை வெறும் படம், அதில் எழுத்தே கிடையாது. எழுத்துணரி மென்பொருளில் போட்டால் எழுத்து வரும், ஆனால் துணைக்காலும் 'ர'வும் ஒரே சாயலில் இருப்பதால் 'பாடம்' என்பது 'பரடம்' ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகமென்றால் 'ணை', 'லை', 'னை' எல்லாம் பழைய வடிவத்தில் துதிக்கையோடு இருக்கும், மென்பொருள் திணறிப்போகும். யாராவது உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த வேண்டும். எங்கள் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தினம் பத்துப் பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டு செய்கிறார். விடைத்தாள் திருத்திய கை அது, ஒற்றுப்பிழைகூடத் தப்பாது.

இதைச் சொன்னால் பல நூலகர்கள் "காப்புரிமைச் சிக்கல் வருமே" என்று பயப்படுகிறார்கள். நானும் பயந்தேன். ஆனால் 2012-இல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவத்தில் மாற்றிக் கொடுப்பதற்கு விலக்கு அளித்துவிட்டார்கள், லாபம் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அடுத்த வருஷம் மொராக்கோவின் மராகேஷ் நகரத்தில், பார்வையற்றோருக்கான நூல்களை நாடுவிட்டு நாடு பகிர்ந்துகொள்ள உலக ஒப்பந்தம் ஒன்று உருவானது. 2014-இல் அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியாதான். 2016-இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகமும் வந்தது. இவ்வளவும் இருப்பது எனக்குத் தெரியாமலே நான் நூலகராக இருந்திருக்கிறேன். அந்த இளைஞர்தான் சொல்லிக்கொடுத்தார்.

நூலகத்தின் ஒரு கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டிருக்கிறோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கியது, எல்லோருக்கும் இலவசம். தமிழும் படிக்கும், குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். ஹெட்போன் வாங்கிய செலவு தவிர எங்களுக்கு ஒரு பைசா ஆகவில்லை.

பிரெய்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை சென்னை போனபோது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் படித்துக்கொண்டிருந்தார். வலது கை வரியின் கடைசியை முடிக்கும்போதே இடது கை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்துவிடுகிறது. பிரெய்ல் ஒரு தனி மொழி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் என் விரலைப் பிடித்து ஒரு சொல்லின் மேல் வைத்தார். "இது கொடி. முதல்ல க, அப்புறம் ஒ" என்றார். நாம் 'கொ' எழுதும்போது முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால் என்று மூன்று துண்டாக எழுதுகிறோம். பிரெய்லில் நாக்கு சொல்லும் வரிசையிலேயே ஆறு புள்ளி கொண்ட கட்டங்கள் வருகின்றன. அது தமிழ்தான். என் விரலுக்கு மணல் மாதிரி நெருடியதே தவிர ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. நாம் ஒரு கையில் பிடித்துப் படிக்கும் நாவல் பிரெய்லில் நாலைந்து கனத்த தொகுதிகள் ஆகிவிடும். எங்கள் மாதிரிக் கிளை நூலகத்தில் அதற்கு இடமும் இல்லை, நிதியும் இல்லை. ஆனால் கேட்பவர்களுக்கு எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அது இப்போது தெரியும்.

காது கேளாத ஒரு மாணவி வருகிறாள். அவளுக்காக மேசையில் ஒரு எழுது அட்டை வைத்திருக்கிறோம். வணக்கம், நன்றி, புத்தகம் என்று சில சைகைகளை அவளிடமே கற்றுக்கொண்டேன். அவளோடு இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்த ஒன்று இருக்கிறது. சில வருஷம் முன்பு, வேறொரு நூலகத்தில் இருந்தபோது, ஒரு தாய் ஆறு ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் ஆட்டிசம் உள்ளவன். எனக்கு அப்போது அந்தச் சொல்கூடச் சரியாகத் தெரியாது. படப் புத்தகத்தில் ரயில் இருக்கும் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, ஒவ்வொரு தடவையும் சந்தோஷத்தில் சத்தமாகக் கூவினான். நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். 'அமைதி காக்கவும்' பலகை என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய், "கொஞ்ச நேரம் வெளியில வச்சுப் பார்த்துட்டுக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தைப் பையன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. நான் மாற்றலாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை.

படிகூடச் சிமென்ட்தான், உடைத்து வேறு கட்டிவிடலாம். அன்றைக்கு நான் அந்தத் தாயிடம் சொன்னதை எதைக் கொண்டும் திருத்த முடியவில்லை. இங்கே வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, சத்தத்துக்குத் தடையில்லை என்று எழுதிப் போட்டிருக்கிறேன். குழந்தைகள் கூவலாம், சத்தம் போட்டுப் படிக்கலாம். நாளிதழ்ப் பெரியவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் கதை படித்துக் காட்டுகிறார்கள்.

அந்தப் பெரியவர்களைப் பற்றியும் ஒன்று. "கண்ணு சரியாத் தெரியலம்மா, இனிமே புத்தகமெல்லாம் எதுக்கு" என்று அட்டையைத் திருப்பிக் கொடுப்பவர்கள் வருஷத்துக்கு ஐந்தாறு பேர். ஐம்பது வருஷம் படித்தவர்கள். முன்பெல்லாம் வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவேன். இப்போது வாங்குவதில்லை. பெரிய எழுத்துப் புத்தகம், பக்க அளவு உருப்பெருக்கிக் கண்ணாடி, அதுவும் முடியாவிட்டால் ஒலிப்புத்தகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்கிறேன். நடக்க முடியாதவர்களுக்கு நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. ரங்கநாதன் தம் விதிகளை எழுதிய அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆனாலும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோமே, அப்புறம் சாய்தளம் எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு வரும் மூன்று புத்தகம் வேறு, ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே ஒரு மத்தியானம் வேறு. தேனீ வளர்ப்புப் புத்தகத்தை அவள் வீட்டில் இருந்தபடி கேட்டிருக்கவே மாட்டாள், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் ஐந்து வருஷத்துக்குள் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 45-ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கணக்குப்படி 2022-லேயே கெடு முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இந்த வரிகளை ஒரு தாளில் அச்சடித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நிதி கேட்டு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் சேர்த்துவிடுகிறேன்.

இப்போது அந்தப் பெண் தனியாகவே வருகிறாள். தம்பி கல்லூரிக்குப் போய்விட்டான். வருகைப் பதிவேடு நின்று எழுதும் உயரத்தில் சாய்வு மேசையில் இருந்தது, அதை இறக்கித் தாழ்வான மேசையில் வைத்திருக்கிறோம். வாரத்துக்கு மூன்று நாள் கையெழுத்துப் போடுகிறாள். காலை பத்து மணி, பத்தேகால். நேரப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எந்த நாளும் அவள் பன்னிரண்டரையைத் தாண்டி இருந்ததில்லை. பாதிப் பக்கத்தில் அடையாளத் தாள் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"வீட்டுல வேலையாம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கினாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இல்லக்கா. பாத்ரூம் போக முடியாதுல்ல. வர்ற அன்னைக்குக் காலைல எந்திரிச்சதுல இருந்து தண்ணி குடிக்க மாட்டேன். அதுக்கு மேல தாங்காது."

எங்கள் கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால், ஒரு படி இறங்கிப் போக வேண்டும். கதவு இரண்டடி அகலம், உள்ளே தரைப் பீங்கான். போய் நின்று டேப் வைத்து அளந்தேன். மூன்றடிக் கதவு, நாற்காலி திரும்ப ஐந்தடி, மேற்கத்திய பீங்கான், சுவரில் இரண்டு கைப்பிடி. பின்சுவரைத் தள்ளிக் கட்டினால் இடம் வரும் என்கிறார் அந்தப் பொறியாளர். மதிப்பீடு போட்டு அனுப்பி ஏழு வாரம் ஆகிறது. நேற்றும் பத்து மணிக்கு வந்தாள். பன்னிரண்டு இருபதுக்குக் கிளம்பினாள்.